கண்காட்சி மேசையில் எம்2: மாதிரி ரயில் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்வது

வீட்டு மேசையில் ஓடும் மாதிரி ரயில் நின்றால் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிடலாம். கண்காட்சியில் அது சரிவராது. தடுப்புக் கயிற்றுக்கு அங்கால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் யாழ்தேவி புங்கன்குளம் தாண்டி நாவற்குழிப் பாலத்தில் ஏறும்போது அத்தனை கண்ணும் எஞ்சினில்தான். அந்த நேரம் பார்த்து அது இழுத்து இழுத்து நின்றால், மாதக் கணக்காகச் செய்த பனங்கூடலும் நிலையக் கட்டடமும் சிக்னல் கம்பமும் ஒருவர் மனதிலும் நிற்காது.

எங்கள் கூட்டத்தில் காட்சியமைப்பு, வயர் வேலை, எஞ்சின் என்று வேலையைப் பிரித்து வைத்திருக்கிறோம். எஞ்சின் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் கடைசியாக வைத்த காட்சிக்கு முன்னும், காட்சி நடந்தபோதும், முடிந்த பிறகும் செய்த வேலைகளை இதில் எழுதி வைக்கிறேன். வெளிநாட்டுப் புத்தகங்களில் உள்ள அறிவுரை பெரும்பாலும் சரியானதுதான். ஆனால் உப்புக் காற்றும் செம்மண் தூசியும் பங்குனி வெயிலும் உள்ள ஊரில் அதில் சிலவற்றை மாற்றித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. எங்கள் பாதை எச்ஓ அளவு, அதாவது 1:87. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ரயிலை அந்த அளவுக்குச் சுருக்கினால் மேசையில் செக்கனுக்கு 13 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக வரும். மணிக்கு 460 மீற்றர். எஞ்சின் சில்லின் விட்டம் 12 மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆகவே ஒரு மணி ஓட்டத்தில் ஒவ்வொரு சில்லும் பன்னிரண்டாயிரம் தடவைக்கு மேல் சுற்றுகிறது, மோட்டர் அதைப்போலப் பல மடங்கு. வீட்டில் ஒரு வருடம் முழுக்க ஓடாத ஓட்டத்தைக் காட்சி நாட்களில் ஒரு எஞ்சின் ஓடி முடித்துவிடும். வீட்டில் 'நல்லாத்தான் ஓடுது' என்று சொன்ன எஞ்சின் இங்கே இரண்டாம் நாள் மத்தியானம் முரண்டு பிடிப்பது இதனால்தான்.

ஓட்டுவது எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1950களில் கனடா கொடுத்த டீசல் எஞ்சின். முதலில் வந்தவற்றுக்கு ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடா மாகாணங்களின் பெயர் வைத்தார்கள். அதை எச்ஓ அளவில் அப்படியே கடையில் வாங்க எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆறு அச்சுள்ள அமெரிக்க டீசல் எஞ்சின் ஒன்றின் அடிச்சட்டத்தை எடுத்து, பிளாஸ்டிக் தகட்டில் உடலை வெட்டி ஒட்டிக் கட்டினோம். இப்படி இரண்டு எம்2. நிலைய முற்றத்தில் பெட்டி தள்ள, தண்ணீரைத் தன்னிலேயே சுமக்கும் வகையான ஒரு சிறிய டாங்கி நீராவி எஞ்சின். உள்ளூர்ச் சேவைக்கு ஒரு ரயில்கார், அதாவது எஞ்சின் இல்லாமல் தானே ஓடும் பயணிகள் பெட்டி.

இந்த ஊரில் இதைப் பார்க்க வருகிற கூட்டம் வேறு மாதிரியானது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கியது. 1990இல் வடக்குப் பாதை நின்றது. 2014 ஒக்ரோபர் 13இல்தான் யாழ்ப்பாணம் நிலையத்துக்கு ரயில் திரும்ப வந்தது. அந்த இடைவெளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ரயில் என்பது படத்தில் பார்த்த சாமான். இப்போது அவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் தாத்தாமார் தண்டவாளம் இருந்த இடம், கோச்சி வந்த நேரம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் முன்னால் நின்றுபோகும் ரயிலை வைக்க எனக்கு மனம் வராது.

புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு உடனே கேட்டார்: "தம்பி, தண்டவாளம் ஒடுக்கமாக் கிடக்கே?"

"ஓம் ஐயா. எங்கட பாதை ஐந்தரை அடி. இந்தத் தண்டவாளம் நாலடி எட்டரை அங்குலத்துக்குச் செய்தது. சரியாச் செய்யிறதெண்டால் பத்தொன்பது மில்லிமீற்றருக்கு மேல வேணும், இது பதினாறரை."

"அப்ப சில்லையும் சேர்த்தெல்லோ மாத்தவேணும்."

அவர் சொன்னது சரி. இலங்கையின் 1676 மில்லிமீற்றர் அகலப் பாதையை 87ஆல் வகுத்தால் 19.26 வரும். அதற்கு ஒவ்வொரு அச்சும், பாதை பிரியும் இடத்துப் பொயின்றும் கையால் செய்ய வேண்டும். கடையில் வாங்கும் 16.5 மில்லிமீற்றர் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர் குறைவை ஏற்றுக்கொண்டுதான் ஓட்டுகிறோம். பராமரிப்புக்கு இது பெரிய நன்மை: சில்லும் அச்சும் கியரும் உலகமெங்கும் கிடைக்கும் அளவில் இருக்கின்றன.

எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டளை உண்டு. எஞ்சின் நின்றால் எஞ்சினைத் திறக்கக் கூடாது. தண்டவாளத்தில் தொடங்கி மேலே வர வேண்டும். தண்டவாளம், சில்லு, மின் எடுக்கும் தகடு, கியர், கடைசியில்தான் மோட்டர். ஸ்குறூ ட்றைவரை எடுத்து மூடியைக் கழற்றுவது கைக்குச் சுகமாக இருக்கும், ஆனால் பத்தில் ஒன்பது தடவை கோளாறு அங்கே இருக்காது.

கடைசிக் காட்சியில் இதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. காலையிலிருந்து ஒழுங்காக ஓடிய எம்2, மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு பாலத்துக்கு முன்னால் ஒரே இடத்தில் தடுமாறத் தொடங்கியது. ஒரு செக்கன் விளக்கு அணையும், எஞ்சின் உதறும், பிறகு போகும். மோட்டர் சூடேறிவிட்டது என்று தம்பி ஒருவர் சொன்னார். வெக்கை அப்படி இருந்ததால் அது நம்பக்கூடிய காரணம்தான். நான் முதலில் செய்தது எஞ்சினை மாற்றியது. பெட்டியில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த இரண்டாவது எம்2ஐ எடுத்து விட்டேன். குளிர்ந்த எஞ்சின், அதே இடம், அதே உதறல். எஞ்சினில் பிழையில்லை என்று அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. டாங்கி எஞ்சின் ஏன் தடுமாறவில்லை என்றால் அது முற்றத்தை விட்டு அந்தப் பக்கம் போவதே இல்லை.

பிறகு இரும்பு அடிமட்டத்தைத் தண்டவாளத்தின் மேல் நீளவாக்கில் வைத்து, பின்னால் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு பலகைகள் சேரும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் தண்டவாளம் கொஞ்சம் மேலே கிளம்பியிருந்தது. அரை மில்லிமீற்றர்கூட இருக்காது. ஆனால் மூன்று அச்சுள்ள போகிக்கு, அதாவது எஞ்சினுக்குக் கீழே சில்லுகளைத் தாங்கித் திரும்பும் சட்டத்துக்கு, அது போதும். நடுச் சில்லு அந்த மேட்டில் ஏறும்போது முன் சில்லோ பின் சில்லோ காற்றில் நிற்கும். மேற்கு யன்னலால் வந்த வெயில் சரியாக அந்தப் பலகையில்தான் விழுந்துகொண்டிருந்தது.

தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பும் நிக்கலும் நாகமும். 15 பாகை சூடு ஏறினால் ஒரு மீற்றருக்குக் கால் மில்லிமீற்றர் அளவு நீளும். கீழே உள்ள பிளைவூட் வெப்பத்துக்கு அவ்வளவு நீளாது. அது நீள்வது ஈரத்துக்கு. ஆகவே மார்கழி மழைக் குளிரில் இடைவெளி இல்லாமல் போட்ட தண்டவாளம் பங்குனி வெயிலில் போக இடமில்லாமல் மேலே வளையும். அன்று பின்னேரம்வரை செய்ய முடிந்தது ஒன்றுதான். ஒரு வெள்ளை வேட்டியை வாங்கி யன்னலில் கட்டினோம். முக்கால் மணிக்குள் உதறல் குறைந்தது. இரவு மண்டபம் மூடிய பிறகு அந்த இடத்தில் சன்னமான வெட்டுத் தட்டால் தண்டவாளத்தை அறுத்து, விசிட்டிங் கார்ட் ஒன்று நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, வெட்டிய முனைகளை அரத்தால் மழுக்கினேன். ஒவ்வொரு துண்டுக்கும் கீழிருந்து தனி வயர் ஏற்கெனவே பற்றவைத்திருந்ததால் மின்சாரத்துக்கு இணைப்புத் தகட்டை நம்ப வேண்டியிருக்கவில்லை. அந்த வயர் வேலையைப் புதிதாகப் பாதை போடுகிறவர்கள் எவரும் தவிர்க்கக் கூடாது. இணைப்புத் தகடு தண்டவாளத்தை நேரே பிடிக்க மட்டும்தான். இந்தக் காற்றில் அது ஆறு மாதத்தில் உள்ளே கறுத்துவிடும்.

அடுத்தது ஊத்தை. தண்டவாளத்தில் படியும் கறுப்பு வெறும் தூசியல்ல. சில்லுக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பொறிகள் பறந்துகொண்டே இருக்கின்றன. அவை உலோகத்தைக் கரிக்கின்றன. அதோடு எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்றுக் காலத்தில் மண்டபக் கதவைத் திறந்து வைத்தால் அரை நாளில் தண்டவாளத்தில் விரல் வைத்துச் சிவப்பைப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொடக்க நிகழ்வில் குத்துவிளக்கு ஏற்றுவது நமது வழக்கம், அதை விட முடியாது. ஆனால் எண்ணெய்த் திரியின் புகையும் கற்பூரப் புகையும் மெல்லிய படலமாகத் தண்டவாளத்தில் இறங்கும். விளக்கை மண்டப வாசலில், காற்று வெளியே போகும் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டேன். ஏற்பாட்டாளர்கள் மனமுவந்து செய்தார்கள். அந்த நேரத்தில் பாதை முழுவதையும் பழைய பருத்திச் சேலைத் துண்டுகளால் மூடியும் வைத்தோம்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதில் ஆளுக்கொரு கருத்து. மருந்துக்கடை சேர்ஜிக்கல் ஸ்பிரிற் வேண்டாம், அதில் சேர்க்கும் வேறு சாமான்கள் படலமாக மிஞ்சும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் அழுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் துடைத்த பிறகு கறுப்புக் கெதியாகத் திரும்ப வருகிறது என்பதுதான் என் அனுபவமும். அற்ககோல் முனைவுள்ள கரைப்பான். முனைவில்லாத கரைப்பான்களால் துடைத்தால் பொறி குறையும், கறுப்புத் தாமதமாக வரும் என்று மாதிரி ரயில்காரர்கள் பலர் சொல்கிறார்கள். அந்த வகைச் சாமான் நம் வீடுகளில் எப்போதும் இருந்தது: மண்ணெண்ணெய். காட்சிக்கு முதல்நாள் இரவு, பஞ்சில் ஒற்றி எடுத்த அளவு மண்ணெண்ணெயால் தண்டவாளத்தைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இரண்டு தரம் அழுத்தித் துடைப்பேன். மிச்சம் இருந்தால் எண்ணெய்ப் பசையாகி எஞ்சின் வழுக்கும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட், சூடான சோல்டரிங் அயன் எதுவும் இருக்கக் கூடாது. பஞ்சையும் துணியையும் மூடியுள்ள பேணியில் போட்டு வெளியே வைக்க வேண்டும். காட்சி நடக்கும் நேரத்தில் மண்டபத்துக்குள் மண்ணெண்ணெய்ப் போத்தலே கொண்டுவருவதில்லை. பகலில் உலர்ந்த துணி மட்டும்.

மண்தாள் பிடிக்கவே வேண்டாம். அது விடும் கீறல்களில்தான் அடுத்த நாள் ஊத்தை குடியிருக்கும். சுத்தம் செய்த தண்டவாளத்தின் உள் ஓரத்தில் 6பி பென்சிலின் காரீயத்தை மெல்ல ஒரு இழுப்பு இழுப்பது உதவுகிறது, மின்சாரம் சீராகப் போகிறது. பாலத்துக்கு ஏறும் சரிவில் மட்டும் அதைச் செய்வதில்லை. அங்கே பிடிமானம் வேண்டும், காரீயம் வழுக்கும்.

சில்லுகளுக்கு வருவோம். எனக்கு இந்த வேலைகளில் மிகப் பிடித்தது இதுதான். ஒரு துண்டு வெள்ளைப் பருத்தித் துணியை எலக்ரோனிக் கடையில் விற்கும் கொண்டக்ற் கிளீனரால் நனைத்து, தண்டவாளத்துக்குக் குறுக்கே போட வேண்டும். எம்2இன் முன் போகியைத் துணியின் மேல் ஏற்றி, பின் போகியை வெறும் தண்டவாளத்தில் நிறுத்தி, எஞ்சினைக் கையால் பிடித்துக்கொண்டு மெல்ல மின்சாரம் கொடுங்கள். பின் சில்லுகள் மின் எடுக்க, முன் சில்லுகள் துணியின் மேல் சுற்றும். துணியை எடுத்துப் பார்த்தால் இரண்டு கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றும் சில்லின் அகலத்துக்கு, மை தொட்டு இழுத்த மாதிரி. துணியை நகர்த்தி மறுபடி. கோடு சாம்பல் நிறமாகி, பிறகு காணாமல் போகும்வரை. அதன்பின் எஞ்சினைத் திருப்பி மற்றப் போகி. காட்சி இல்லாத காலத்தில் வெளிறிய கோடு வரும் எஞ்சின், காட்சியின் முதல்நாள் இரவில் கரிக்கோடு தரும். அந்தத் துணிகளைத் திகதி எழுதி வைத்திருக்கிறேன். எந்த எஞ்சின் அதிகம் பொறி பறக்க ஓடுகிறது என்று அதைப் பார்த்தே சொல்லலாம்.

துடைத்த கையோடு சில்லுகளுக்கு இடையிலான அளவையும் பார்ப்பேன். ஒரு அச்சின் இரண்டு சில்லுகளின் உட்பக்கங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். வேணியர் இடுக்கியில் 14.1 காட்டினால் அந்தச் சில்லுதான் பொயின்றில் ஏறி விழப்போவது. பிளாஸ்டிக் அச்சில் இறுக்கி வைத்த சில்லுகள் வெக்கைக்கு மெல்ல நகர்வதைக் கண்டிருக்கிறேன். இரண்டு கையாலும் பிடித்துத் திருகியபடி இழுத்துச் சரிசெய்யலாம். திரும்பத் திரும்ப நகர்ந்தால் ஊசி முனையளவு பசை.

மின் எடுக்கும் தகடுகள் பொசுபர் வெண்கலத்தில் செய்த மெல்லிய கீற்றுகள். சில்லின் முதுகில் தலைமயிர் அளவு அழுத்தத்தோடு உரச வேண்டும். கூட அழுத்தினால் அதுவே பிறேக். மல்ரிமீற்றரை ஒலி எழுப்பும் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சில்லிலும் மறுமுனையைத் தகட்டு வயரிலும் தொட்டுக்கொண்டு சில்லை விரலால் சுற்றினால் ஒலி அறாமல் வர வேண்டும். இடையில் விட்டு விட்டு வந்தால் சாமணத்தால் கீற்றைக் கொஞ்சம் வளைத்துவிடுவேன். இந்த வேலைக்கு நல்ல சாமணமும் கண்லென்ஸும் பட்டணத்தில் மணிக்கூடு திருத்துகிறவர் ஒருவர்தான் தெரிந்தெடுத்துத் தந்தார். எம்2க்குப் பன்னிரண்டு சில்லும் மின் எடுப்பதால் ஒன்றிரண்டு தவறினாலும் தெரியாது. டாங்கி எஞ்சினுக்கு ஆறே சில்லு, அதுவும் நெருக்கமாக. பொயின்றின் நடுவில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்கு பிளாஸ்டிக் என்றால் அங்கே அது நிற்கத்தான் செய்யும். முற்றத்துப் பொயின்றுகளை உலோக மூக்குள்ளவையாக மாற்றி, மூக்குக்கும் மின்சாரம் கொடுத்தோம். எஞ்சினுக்குள் மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைக்கும் கொண்டென்சர் கட்டு ஒன்றும் வைத்தேன். இப்போது மண்புழு வேகத்தில் பெட்டி தள்ளுகிறது.

எண்ணெய் விடுவதில் கை இறுக்கமாக இருக்க வேண்டும். தையல் மெஷின் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு, அச்சு சுற்றும் உலோகக் குழிகளில் ஒரு பொட்டு. அவ்வளவுதான். மோட்டரில் காபன் பிறஸ் உரசும் செம்பு வளையத்தில் ஒரு துளியும் படக் கூடாது; பட்டால் காபன் தூளோடு குழம்பிப் பொறி பறக்கும். மோட்டரிலிருந்து வரும் திருகுக் கியருக்குப் பிளாஸ்டிக்கைத் தாக்காத வெள்ளைக் கிறீஸ், பல்லில் பூசிய அளவு. தேங்காயெண்ணெய் விடலாமா என்று அம்மா ஒருவர் காட்சியில் அக்கறையோடு கேட்டார். கதவுக் கீலுக்குச் சரி, இதற்கு வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறையும், நாளானால் பிசுபிசுத்து ஊத்தையைப் பிடிக்கும். எண்ணெய் கூடினால் அது கடைசியில் போய்ச் சேருவது தண்டவாளத்துக்கு, அங்கிருந்து எல்லா எஞ்சினின் சில்லுக்கும்.

மோட்டரின் உடல்நிலையை அம்பியர் சொல்லும். ஒவ்வொரு எஞ்சினையும் சாதாரண 12 வோல்ற் நேர்மின்னோட்டத்தில் ஓடவிட்டு எடுக்கும் மின்னோட்டத்தை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். எங்கள் பாதை ஓடும் டிசிசி முறையில், அதாவது தண்டவாளம் வழியாக ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனிக் கட்டளை அனுப்பும் டிஜிற்றல் முறையில், சாதாரண மல்ரிமீற்றர் சரியாகக் காட்டாது, அதனால் சோதனைக்குத் தனியாக ஒரு துண்டுப் பாதை. எங்கள் எம்2 சுமையில்லாமல் 0.2 அம்பியருக்குள் ஓடும். அது ஒருநாள் 0.35 காட்டினால் எங்கோ இறுகுகிறது: சில்லில் தலைமயிர் சுற்றியிருக்கும், அல்லது கிறீஸ் கட்டியாகியிருக்கும். காட்சியில் அளக்க நேரமில்லை. இருபது நிமிடத்துக்கொரு தடவை கூரையில் விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்ப்பேன். இளஞ்சூடு சரி. விரலை எடுக்கச் சொல்லும் சூடென்றால் உடனே பெட்டிக்கு. மண்டபமே 33 பாகையில் இருக்கும்போது மோட்டருக்குக் குளிர வழியில்லை. ஆகவே ஒரு எம்2 அரை மணி ஓடினால் அரை மணி ஓய்வு, மற்றது ஓடும். மின்விசிறியைப் பாதைக்கு நேரே பிடிக்காமல் பின்னாலுள்ள நிறுத்துமிடத்துக்குத் திருப்பி வைத்தோம்.

டிசிசி பற்றிச் சுருக்கமாக. தண்டவாளத்தில் எப்போதும் 14, 15 வோல்ற் இருக்கும். எஞ்சினுக்குள் உள்ள டிகோடர் தனக்கு வந்த கட்டளைக்கு மட்டும் அசையும். டிகோடரில் மாற்றக்கூடிய அமைப்புகளுக்குச் சிவி என்று இலக்கமிட்டிருக்கும்: சிவி3 வேகம் பிடிப்பதை, சிவி4 வேகம் குறைவதை, சிவி2 தொடக்க வோல்ற்றைத் தீர்மானிக்கும். உச்ச வேகத்துக்கான சிவி5ஐ நான் பாதிக்கு இறக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் கையில் கட்டுப்படுத்தியைக் கொடுத்தால் முழு வேகத்துக்குத்தான் திருப்புவார்கள், திருப்பட்டும். எஞ்சின் மணிக்கு அறுபது கிலோமீற்றர் அளவுக்கு மேல் போகாது, வளைவில் கவிழாது. கட்டுப்படுத்தியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கரண்ட் போவதும் வருவதும் கண்காட்சியில் ஒரு தலையிடி. சின்ன யூபிஎஸ் ஒன்று போதும், பாதை எடுக்கும் மின்சாரம் குறைவுதான். கரண்ட் திரும்ப வரும்போது தண்டவாளத்துக்குத் தானாக மின்சாரம் போகாதபடி கட்டளைப் பெட்டியை வைத்திருக்க வேண்டும். ஷோர்ட்டுக்கு எளிய பாதுகாப்பு ஒன்று உண்டு: ஒவ்வொரு பகுதிக்கும் போகும் வயரில் 12 வோல்ற் 21 வாற் பிறேக் பல்ப் ஒன்றைத் தொடராக இணைப்பது. மோட்டார்சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வாங்கலாம். சாதாரண ஓட்டத்தில் அது எரியாது. எஞ்சின் தடம்புரண்டு ஷோர்ட் ஆனால் பளிச்சென்று எரிந்து மின்னோட்டத்தை இரண்டு அம்பியர் அளவில் நிறுத்திவிடும். எந்தப் பகுதியில் பிரச்சினை என்று மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாலே தெரியும், மற்றப் பகுதியில் ரயில் ஓடிக்கொண்டிருக்கும்.

காட்சி முடிந்து பொதி கட்டுவதற்கு முன் எல்லா எஞ்சினையும் ஒரு தரம் துணியில் ஓட்டித் துடைத்தேன். உப்புப் படிந்தபடியே பெட்டிக்குள் வைத்தால் அடுத்த காட்சிக்குள் சில்லு பூத்துவிடும். நுரைப் பஞ்சு வெட்டிய பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொதி. பொதியை மாதமொரு தரம் வெயிலில் காய்ச்சுவேன். ஈரம் இன்னொரு வகையிலும் கெடுதல். பழைய எஞ்சின்களின் வார்ப்பு அடிச்சட்டத்தில் நாகக் கலவையோடு ஈயம் போன்ற கலப்பு இருந்தால் அது உள்ளுக்குள் வெடித்துப் பொரிந்து உதிரும், ஈரம் அதை விரைவுபடுத்தும். அந்த நோய்க்கு மருந்தில்லை. ரயில்காரின் அடிச்சட்டத்தில் வெடிப்பு ஏதும் தெரிகிறதா என்று லென்ஸால் பார்த்தேன். இப்போதைக்குச் சுத்தம்.

இரண்டாவது எம்2இல்தான் வேலை மிஞ்சியது. கடைசி நாளில் மெல்லப் போகும்போது 'டக்... டக்...' என்று ஒரு சத்தம். வேகம் கூட்டினால் சத்தமும் வேகமாக வந்தது. சில்லு ஒரு சுற்றுச் சுற்ற ஒரு டக். தண்டவாளத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வந்ததால், இந்தத் தடவை எஞ்சினைத் திறக்கலாம் என்று தீர்மானித்தேன். போகியின் கீழ்மூடியைக் கழற்றி அச்சுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து லென்ஸில் பார்த்தபோது பின் போகியின் நடு அச்சுக் கியரில் மயிரிழை வெடிப்பு. உலோக அச்சின் மேல் இறுக்கிய பிளாஸ்டிக் கியர் வருடங்கள் போகச் சுருங்கும். சுருங்க இடமில்லாமல் பல்லுக்கு இடையில் பிளக்கும். பிளந்த இடத்தில் பல்லிடைவெளி கூடிவிடுவதால் அடுத்த கியர் அதில் சரியாக உட்காராமல் தட்டும். பசை போட்டு ஒட்டினால் நிற்காது, உள் இறுக்கம் அப்படியே இருக்கிறது. அந்த ஒரு அச்சை மட்டும் கியரில்லாததாக வைத்து ஓட்டிப் பார்த்தேன். சத்தம் போய்விட்டது. உண்மையான எம்2இலும் போகியின் நடு அச்சுக்கு மோட்டர் கிடையாது, ஆகவே இழுவையில் பெரிய குறை தெரியவில்லை.

ஆனாலும் ஒன்று பிளந்தால் அதே வயதுடைய மற்றவையும் பிளக்கும். ஆறு கியரையும் ஒன்றாக மாற்றப்போகிறேன். யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமானுக்குக் கடை இல்லை. தபாலில் எடுப்பித்தால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறான். கியரின் பல்லு எண்ணிக்கை, உள் விட்டம், வெளி விட்டம் மூன்றையும் அளந்து படத்தோடு அனுப்பிவிட்டேன். இரண்டு தொகுதி வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன், முதலாவது எம்2க்கும் சேர்த்து.